ஒரு சாய்கோடு செய்கிற வேலை

வீட்டு வைஃபை ரவுட்டர், டிவிக்குக் கீழே கிடக்கும் செட்-டாப் பெட்டி, கார் டேஷ்போர்டின் திரை, தொழிற்சாலையில் மோட்டாரை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று பலவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ்தான். ஆனால் அந்த லினக்ஸ் அந்தப் பெட்டிக்குள்ளேயே பிறப்பதில்லை. ரவுட்டருக்கு இருக்கிற நினைவகத்தில் ஒரு கம்பைலரை ஓட்டினால் அதற்கு மூச்சு முட்டிவிடும். அதனால் பொறியாளரின் மேசைக் கணினியில், அதாவது இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசரில், வேறொரு பிராசசருக்கான மென்பொருளைக் கம்பைல் செய்கிறார்கள். கிராஸ் கம்பைல் என்பது இதுதான்.

கர்னல், சி லைப்ரரி, பிஸிபாக்ஸ், ஓப்பன்எஸ்எஸ்எல் என்று நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களின் மூல நிரலை இறக்கி, வரிசை தப்பாமல் கம்பைல் செய்து, உரிய கோப்புறைகளில் அடுக்கி, கடைசியில் பெட்டியில் ஏற்றத் தயாரான ஒரே கோப்பாக்கித் தருவதற்கு பில்ட் அமைப்புகள் இருக்கின்றன. பரவலாகப் புழங்குபவை இரண்டு. யூசிலிப்சி என்ற சிறிய சி லைப்ரரியை எழுதியவர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தொடங்கியது பில்ட்ரூட். 2010-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த திட்டம் யோக்டோ. அதன் உள்ளே வேலை செய்யும் இயந்திரத்தின் பெயர் பிட்பேக்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்த அமைப்புகளின் கடினமான வேலை கம்பைல் செய்வதுதான் என்று தோன்றும். கம்பைலர் தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. அடிக்கடி உதைப்பது வேறொன்று. ‘இந்தப் பாதை அந்தக் கோப்புறைக்குள் இருக்கிறதா?’ என்ற கேள்வியை ஒரு பில்ட் ஓடி முடிவதற்குள் ஆயிரக்கணக்கான முறை கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும் போலிருக்கும் இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்ன நிரல்களுக்குக் கணக்கே இல்லை.

பில்ட்ரூட்டில் ‘செக்-பின்-ஆர்ச்’ என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உண்டு. கம்பைல் ஆகி வந்த ஒவ்வொரு இயங்கு கோப்பும் சரியான பிராசசருக்கானதுதானா என்று பார்ப்பது அதன் வேலை. லினக்ஸில் இயங்கு கோப்புகள் எல்ஃப் என்ற வடிவில் இருக்கும். அந்த வடிவின் தலைப்பகுதியில், 18-ம் பைட்டிலிருந்து இரண்டு பைட்டுகள் பிராசசரின் எண்ணைச் சொல்கின்றன. 32 பிட் ஏஆர்எம் என்றால் 40, 64 பிட் ஏஆர்எம் என்றால் 183, நம் மேசைக் கணினியின் எக்ஸ்86-64 என்றால் 62. ஏதோ ஒரு பேக்கேஜின் மேக்ஃபைலில், கொடுக்கப்பட்ட கிராஸ் கம்பைலரைக் கண்டுகொள்ளாமல் வெறுமே ‘ஜிசிசி’ என்று மேசைக் கணினியின் சொந்தக் கம்பைலரின் பெயரை எழுதி வைத்திருந்தால் போதும், 40 இருக்க வேண்டிய இடத்தில் 62 வந்து உட்கார்ந்துவிடும். பில்ட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடியும். பெட்டியில் ஏற்றி ஓட்டும்போதுதான் கர்னல் அந்தக் கோப்பை ஏற்க மறுக்கும். அதற்கு முன்பே பிடித்துவிடத்தான் இந்த ஸ்கிரிப்ட்.

ஆனால் 40 இல்லாத எல்லாமே தப்பில்லை. பீகிள்போன் பலகையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் சிப்பில் ஏஆர்எம் பிராசசருக்குப் பக்கத்திலேயே பிஆர்யூ என்ற இரண்டு குட்டிப் பிராசசர்களும் இருக்கின்றன. நேரம் தவறாமல் பின்களை ஏற்றி இறக்குவது அவற்றின் வேலை. அவற்றுக்கான நிரலும் எல்ஃப் கோப்புதான். பிராசசர் எண் மட்டும் வேறு. அது குடியிருப்பது ‘/லிப்/ஃபர்ம்வேர்’ கோப்புறையில். 32 பிட் மென்பொருளை 64 பிட் கர்னலோடு சேர்த்து ஏற்றினால் ‘/லிப்/மாட்யூல்ஸ்’ கோப்புறையிலுள்ள கர்னல் துண்டுகள் 64 பிட்டாகவே இருக்கலாம். அதுவும் நியாயம்தான். எனவே ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு விலக்குப் பட்டியல் தேவைப்படுகிறது: இந்த இந்தக் கோப்புறைகளுக்குள் இருப்பதைச் சோதிக்காதே. பட்டியலில் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட கோப்பை வைக்கும் பேக்கேஜ், தன் பங்குக்கு ஒரு பாதையைச் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு.

இப்போது கேள்வி வருகிறது. ஒரு கோப்பு விலக்குப் பட்டியலில் உள்ள கோப்புறைக்குள் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? முதலில் தோன்றும் வழி, கோப்பின் பாதை விலக்குப் பாதையின் எழுத்துகளோடு தொடங்குகிறதா என்று பார்ப்பது. ‘/லிப்/ஃபர்ம்வேர்/பிஆர்யூ-0’ என்பது ‘/லிப்/ஃபர்ம்வேர்’ என்று தொடங்குகிறது. சரி, விட்டுவிடு. ‘/லிப்/ஃபர்ம்வேர்-கருவிகள்/ஏற்றி’ என்று இன்னொரு கோப்பு இருந்தால்? அதுவும் அதே எழுத்துகளில்தான் தொடங்குகிறது. அது வேறு கோப்புறை, சோதிக்கப்பட வேண்டிய கோப்பு. ஆனால் எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அது தெரியாது.

சென்னையில் ஒருவரிடம் ‘5-ல் தொடங்கும் பஸ்ஸில் ஏறு’ என்று சொல்லி அனுப்பினால் 5சி-யும் வரும், 570-ம் வரும்; அவர் எங்கே போய் இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது. பாதையிலும் இதே கதைதான். ‘லிப்’ என்பது ஒரு பெயர். ‘லிப்64’ என்பது இன்னொரு பெயர். ‘லிப்எக்ஸெக்’ மூன்றாவது பெயர். இந்த மூன்றும் உண்மையான லினக்ஸ் கணினிகளில் அடுத்தடுத்து இருக்கிற கோப்புறைகள் என்பதுதான் விஷயம். ஒன்றைத் தேடும் நிரல் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

லினக்ஸ் கர்னல் பாதையை ஒருபோதும் இப்படிப் படிப்பதில்லை. சாய்கோட்டில் வெட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்து, ‘இந்தக் கோப்புறையில் இந்தப் பெயரில் என்ன இருக்கிறது’ என்று கேட்டுக்கொண்டே உள்ளே இறங்குகிறது. கோப்பின் பெயரில் வரவே கூடாதவை என்று கர்னல் விலக்கி வைத்திருப்பது இரண்டே பைட்டுகளை: ஒன்று சாய்கோடு, மற்றது சுழி. ஆக கர்னலுக்குப் பாதை என்பது பெயர்களின் வரிசை. ஷெல்லுக்கும், ‘செட்’, ‘கிரெப்’ போன்ற உரைக் கருவிகளுக்கும் அது வெறும் எழுத்துகளின் வரிசை. பில்ட் அமைப்புகளில் பெரும்பகுதி ஷெல்லிலும் மேக்கிலும் எழுதப்பட்டது. பாதைப் பிழைகளில் முக்கால்வாசி இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

செக்-பின்-ஆர்ச்சில் இதற்குள்ள மருந்து ஒரே வரி. பேக்கேஜ் தரும் விலக்குப் பாதையை அது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தடுத்து வரும் சாய்கோடுகளை ஒன்றாக்குகிறது, முன்னால் ஒரு சாய்கோடு இருக்கும்படி செய்கிறது, பின்னாலும் ஒன்று இருக்கும்படி செய்கிறது. பின்னால் வரும் அந்தச் சாய்கோடுதான் காரியத்தைச் செய்கிறது. ‘/லிப்/ஃபர்ம்வேர்/’ என்று ஆகிவிட்டால் ‘/லிப்/ஃபர்ம்வேர்-கருவிகள்/’ அதில் பொருந்தாது; பெயர் எங்கே முடிகிறது என்பதை அந்த ஒரு எழுத்து சொல்லிவிடுகிறது.

ஆனால் இந்த மருந்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. விலக்க வேண்டியது கோப்புறையாக இல்லாமல் ஒற்றைக் கோப்பாக இருந்தால்? ‘/ஆப்ட்/கேமரா/டிஎஸ்பி.எல்ஃப்’ என்ற விலக்கு ‘/ஆப்ட்/கேமரா/டிஎஸ்பி.எல்ஃப்/’ என்று மாறிவிடும். கோப்பின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு கிடையாது. எனவே பொருந்தவே பொருந்தாது. இப்படிச் சாய்கோட்டை வாலாக ஒட்டுகிற நிரல் எதுவாக இருந்தாலும் இதற்குப் பதில் ஒன்றுதான்: பட்டியலுக்கு ஒட்டிய வாலை, சோதிக்கப்படும் பாதைக்கும் ஒட்டிவிட்டு ஒப்பிடுவது. அப்போது கோப்புறை, கோப்பு இரண்டுக்கும் ஒரே விதி போதும்.

இந்த இரண்டு பிழைகளில் எது மோசம் என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. ஒற்றைக் கோப்பு பொருந்தாமல் போனால் பில்ட் உடனே நின்று சத்தம் போடும். அரை மணி நேரத்தில் யாராவது சரிசெய்துவிடுவார்கள். விலக்குப் பட்டியல் அளவுக்கு மீறிப் பொருந்தினால் காவல்காரர் கண்ணை மூடிக்கொண்டார் என்று அர்த்தம். எந்தச் சத்தமும் வராது. விலக்குப் பட்டியலிலுள்ள வடிவங்களை மற்ற எல்லாவற்றையும்விடக் கறாராக எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

நிரல் மொழிகளை வடிவமைத்தவர்களே இந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள்தான். பைத்தானில் பல பாதைகளுக்குப் பொதுவான தொடக்கத்தைக் கண்டுபிடிக்க ‘காமன்பிரிஃபிக்ஸ்’ என்ற செயற்கூறு நெடுங்காலமாக இருக்கிறது. ‘/யுஎஸ்ஆர்/லிப்’, ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ இரண்டையும் கொடுத்தால் அது ‘/யுஎஸ்ஆர்/ல்’ என்று, பெயரை நடுவில் வெட்டிய ஒரு துண்டைத் தரும். அப்படி ஒரு கோப்புறை உலகத்தில் எங்கேயும் இல்லை. 2015-ல் வந்த 3.5 பதிப்பில்தான் துண்டு துண்டாக ஒப்பிடும் ‘காமன்பாத்’ சேர்ந்தது. கோ மொழியில் பாதைகளுக்கென்று இருந்த ‘ஹேஸ்பிரிஃபிக்ஸ்’, பாதையின் எல்லைகளை மதிப்பதில்லை, இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதன் ஆவணத்திலேயே எழுதி ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பின்னால் வந்த ரஸ்ட் முதலிலிருந்தே உஷார்: அதன் பாதை ஒப்பீடு முழுப் பெயர்களை மட்டுமே பார்க்கும். ஷெல்லுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அங்கே சாய்கோட்டை நாமேதான் போட வேண்டும்.

யோக்டோ பக்கம் போனால் இதே பிழை வேறு வேஷத்தில் வருகிறது. யோக்டோவில் மென்பொருள் ‘லேயர்’களாக அடுக்கப்படும். சிப் நிறுவனம் ஒரு லேயர் தரும், உங்கள் நிறுவனத்துக்கு ஒன்று, அந்தக் குறிப்பிட்ட தயாரிப்புக்கு ஒன்று. ஒரே பேக்கேஜின் செய்முறை இரண்டு லேயர்களில் இருந்தால் முன்னுரிமை எண் கூடுதலாக உள்ள லேயர் ஜெயிக்கும். சரி, ஒரு செய்முறைக் கோப்பு எந்த லேயரைச் சேர்ந்தது என்று பிட்பேக்குக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு லேயரும் தன் அமைப்புக் கோப்பில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனை, அதாவது பாதைகளோடு பொருத்திப் பார்ப்பதற்கான ஒரு வடிவத்தை, கொடுத்து வைக்கிறது. அதன் வழக்கமான வடிவம்: முதலில் ஒரு கூரைக் குறி (^), பிறகு லேயரின் பாதை, கடைசியில் ஒரு சாய்கோடு. கூரைக் குறிக்கு ‘பாதையின் தொடக்கத்திலிருந்தே பொருந்த வேண்டும்’ என்று பொருள். கடைசிச் சாய்கோட்டைப் பலரும் ஏதோ சடங்கு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். ‘மெட்டா-கார்’ என்று ஒரு லேயரும் ‘மெட்டா-கார்-கேமரா’ என்று இன்னொன்றும் அருகருகே இருக்கும் திட்டத்தில் அதை எடுத்துப் பாருங்கள். இரண்டாவதன் செய்முறைகள் முதலாவதன் வடிவத்திலும் பொருந்தும். முன்னுரிமை தப்பாகக் கணக்காகும். நீங்கள் திருத்திய செய்முறை இருக்க, திருத்தாதது கம்பைல் ஆகும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. ‘என் மாற்றம் ஏன் பெட்டியில் தெரியவில்லை’ என்று ஒருவர் நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொள்வார். சில செய்முறைகளை ஒதுக்கி வைக்கப் பயன்படும் ‘பிபிமாஸ்க்’ அமைப்புக்கும் ஆவணம் இதே அறிவுரையைத்தான் தருகிறது: கோப்புறையைக் குறிப்பிட்டால் கடைசியில் சாய்கோடு போடுங்கள்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று வந்த பிறகு இன்னொரு வில்லங்கமும் கூடவே வரும். அதில் புள்ளி என்பது புள்ளியல்ல, ‘ஏதாவது ஒரு எழுத்து’. கூட்டல் குறி என்பது கூட்டல் குறியல்ல, ‘முன்னால் உள்ளது ஒருமுறையோ பலமுறையோ’. பாதைகளிலோ இவை சர்வசாதாரணம். பதிப்பு எண்ணில் புள்ளி வரும். சி++ திட்டத்துக்குக் கோப்புறைப் பெயரே சி++ என்று இருக்கும். புள்ளியால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அளவுக்கு மீறிப் பொருந்தினாலும் அப்படி ஒரு கோப்புறை பக்கத்தில் இருந்தால்தானே வம்பு. கூட்டல் குறி அப்படியல்ல. லேயரின் பாதையில் ‘++’ இருந்தால் பழைய பைத்தானில் ரெகுலர் எக்ஸ்பிரஷனே செல்லாது என்று நிரல் கத்திவிடும். 2022-ல் வந்த 3.11 பதிப்பில் ‘++’ என்பதற்கு ஒரு புதிய பொருள் கிடைத்தது. அதன் பிறகு கத்தல் இல்லை. வடிவம் செல்லுபடியாகும், ஆனால் பொருந்த வேண்டியதில் பொருந்தாது. மொழி முன்னேறியதால் பிழை சத்தமில்லாத பிழையாகிவிட்டது! இதற்காகவே பிட்பேக்கில் லேயரின் பாதைக்கு இரண்டாவது மாறி ஒன்று இருக்கிறது. சிறப்புக் குறிகளுக்கெல்லாம் முன்னால் பின்சாய்கோடு போட்டுப் பாதுகாத்த பாதையை அது தரும். வடிவம் எழுதும் இடத்தில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பாஷ் ஷெல்லில் வேலை இன்னும் சுலபம்: ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒப்பீட்டில் மாறியை மேற்கோள் குறிக்குள் வைத்தால் அது வெறும் எழுத்துகளாகவே எடுத்துக்கொள்ளப்படும். அந்த இரண்டு மேற்கோள் குறிகளை ‘தேவையில்லை’ என்று யாராவது சுத்தம் செய்துவிட்டால் போச்சு.

இதுவரை பார்த்தவை எந்த மென்பொருளிலும் வரக்கூடியவை. இப்படிப் பெட்டிகளுக்குள் ஓடும் எம்பெடட் லினக்ஸுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: ஒரே பெயரில் இரண்டு உலகங்கள். மேசைக் கணினியிலும் ‘/யுஎஸ்ஆர்/லிப்’ இருக்கிறது. ரவுட்டருக்குப் போகப்போகும் கோப்பு அமைப்பிலும் ‘/யுஎஸ்ஆர்/லிப்’ இருக்கிறது. பில்ட் நடக்கும்போது இரண்டாவது, மேசைக் கணினிக்குள் எங்கோ ஆழத்தில் ‘ஸ்டேஜிங்’ என்ற கோப்புறைக்குள் அடைந்து கிடக்கிறது. எந்த ‘/யுஎஸ்ஆர்/லிப்’ என்று குழம்பினால் கம்பைலர் ஏஆர்எம் நிரலோடு இன்டெல் லைப்ரரியை இணைக்கப் பார்க்கும். இந்தப் பயத்தில் பில்ட்ரூட் தன் கம்பைலருக்கு வெளியே ஒரு உறை போட்டு வைத்திருக்கிறது. தலைப்புக் கோப்புகளையோ லைப்ரரிகளையோ தேடச் சொல்லி வரும் பாதை மேசைக் கணினியின் சொந்தக் கோப்புறைகளில் தொடங்கினால், பாதுகாப்பற்ற பாதை என்று சொல்லி அந்த உறை கம்பைலையே நிறுத்திவிடும்.

லிப்டூல் என்ற பழைய கருவி இந்தக் குழப்பத்தை எழுத்திலேயே பதித்து வைக்கிறது. ஒவ்வொரு லைப்ரரிக்கும் பக்கத்தில் ‘.எல்ஏ’ என்று முடியும் ஒரு சிறு உரைக்கோப்பை வைத்து, அதில் ‘நான் சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகள் /யுஎஸ்ஆர்/லிப்-ல் இருக்கின்றன’ என்று எழுதி வைக்கும். ரவுட்டருக்குள் அது உண்மை. பில்ட் நடக்கும் கணினியில் அது பொய். எனவே பில்ட்ரூட் ஒவ்வொரு ‘.எல்ஏ’ கோப்பையும் திறந்து, ‘/யுஎஸ்ஆர்’ என்று தொடங்கும் பாதைக்கெல்லாம் முன்னால் ஸ்டேஜிங் கோப்புறையின் முழுப் பாதையை ஒட்டுகிறது.

சுலபமாகத் தெரிகிறது. ஆனால் பொறியாளர் தன் பில்ட் முழுவதையும் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/வேலை’ என்ற இடத்தில் வைத்திருந்தால்? அப்போது ஸ்டேஜிங் கோப்புறையின் முகவரியே ‘/யுஎஸ்ஆர்’ என்றுதான் தொடங்கும். ஏற்கெனவே சரியாக இருக்கும் பாதைக்கு முன்னால் இன்னொரு முறை ஒட்டப்பட்டு, ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/வேலை/ஸ்டேஜிங்/யுஎஸ்ஆர்/லோக்கல்/வேலை/ஸ்டேஜிங்/…’ என்று பாதை வால் நீண்டு போகும். பில்ட்ரூட் இதற்குக் கையாளும் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. முதல் சுற்றில் பில்ட் கோப்புறையின் பாதை எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் அதை எடுத்துவிட்டு, இரண்டு ‘அட்’ குறிகளுக்கு நடுவே ஒரு அடையாளச் சொல்லை வைக்கிறது. ஸ்டேஜிங்குக்கும் வெளியிலிருந்து வந்த கம்பைலர் இருக்கும் இடத்துக்கும் அப்படியே. இப்போது கோப்பில் மிஞ்சியிருக்கும் ‘/யுஎஸ்ஆர்’ ஒவ்வொன்றும் உண்மையிலேயே ரவுட்டரின் ‘/யுஎஸ்ஆர்’தான். இரண்டாவது சுற்றில் அவற்றுக்கு மட்டும் முன்னொட்டு சேர்க்கிறது. மூன்றாவது சுற்றில் அடையாளச் சொற்களை எடுத்துவிட்டு உண்மைப் பாதைகளைத் திரும்ப வைக்கிறது.

அந்த இரண்டாவது சுற்றின் வடிவத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அது வெறும் ‘/யுஎஸ்ஆர்’-ஐத் தேடுவதில்லை. அதற்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறியோ, சமக்குறியோ, இடைவெளியோ இருந்தால்தான் தொடும். பாதையின் நடுவில் வரும் ‘/யுஎஸ்ஆர்’ தப்பித்துக்கொள்கிறது. வலப்பக்க எல்லையைச் சாய்கோடு காப்பது போல, இடப்பக்க எல்லையை இந்த மூன்று குறிகள் காக்கின்றன. (வலப்பக்கம் இங்கே திறந்தே கிடக்கிறது, ‘/யுஎஸ்ஆர்2’ என்று யாராவது பெயர் வைத்தால் அதுவும் மாட்டும். இதுவரை யாருக்கும் அந்த ஆசை வராதது நல்லதுதான்.)

எல்லைகளெல்லாம் சரியாக இருந்தும் வரிசையால் கெடுகிற பொருத்தமும் உண்டு. யோக்டோவில் கம்பைல் ஆன கோப்புகளைப் பல பேக்கேஜ்களாகப் பிரிப்பார்கள். ஓடுவதற்குத் தேவையானவை முதன்மைப் பேக்கேஜில், நிரல் எழுதுபவர்களுக்கு மட்டும் தேவையான தலைப்புக் கோப்புகளும் இணைப்புகளும் ‘-டெவ்’ பேக்கேஜில். எந்தக் கோப்பு எதில் போகும் என்பதை நட்சத்திரக் குறி போட்ட பாதை வடிவங்கள் முடிவு செய்கின்றன. முதலில் பொருந்துகிற பேக்கேஜ் கோப்பை எடுத்துக்கொள்ளும். வரிசையில் ‘-டெவ்’ முன்னாலும் முதன்மைப் பேக்கேஜ் கடைசியிலும் நிற்கின்றன. ஒழுங்காகப் பதிப்பு எண் போட்ட லைப்ரரி ‘.எஸ்ஓ.1’ என்று முடியும். எண் இல்லாத ‘.எஸ்ஓ’ அதைச் சுட்டும் குறியிணைப்பு மட்டுமே. எனவே ‘.எஸ்ஓ’ என்று முடிவதை ‘-டெவ்’ விழுங்கிக்கொள்வது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சிப் நிறுவனங்கள் தரும் லைப்ரரிகளில் எத்தனையோ, பதிப்பு எண்ணே இல்லாமல் வெறும் ‘.எஸ்ஓ’வாக வருகின்றன. அவை மொத்தமும் ‘-டெவ்’வுக்குள் போய்விடும். பெட்டியில் ஏறுவது முதன்மைப் பேக்கேஜ் மட்டும். நிரல் கிளம்பும்போது லைப்ரரியைக் காணோம். இதைத் திருத்த அந்த ஒரு செய்முறையில் இரண்டு மாறிகளை மாற்றினால் போதும்: லைப்ரரியின் வால் ‘.எஸ்ஓ’ என்று சொல்லிவிட்டு, ‘-டெவ்’வின் பங்கை வெறுமையாக்குவது. யோக்டோவுக்குப் புதிதாக வருபவர்களில் இந்தப் பள்ளத்தில் கால் வைக்காதவர் அபூர்வம்.

எழுத்துக்கு எழுத்து சரியாகப் பொருந்தியும் தப்பாவது இன்னொரு ரகம், ஏனென்றால் ஒரே இடத்துக்குப் பல பெயர்கள் இருக்கலாம். முன்பு ‘/லிப்’ தனி, ‘/யுஎஸ்ஆர்/லிப்’ தனி. இப்போது பல லினக்ஸ் விநியோகங்களில் ‘/லிப்’ என்பது ‘/யுஎஸ்ஆர்/லிப்’-ஐக் காட்டும் குறியிணைப்பு மட்டுமே. லினக்ஸ் கணினியின் சேவைகளைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டியின், 2023 டிசம்பரில் வந்த 255-ம் பதிப்பு இந்த இணைந்த ஏற்பாட்டை மட்டுமே ஆதரிக்கிறது. செக்-பின்-ஆர்ச்சின் விலக்குப் பட்டியலில் ‘/லிப்/ஃபர்ம்வேர்’, ‘/யுஎஸ்ஆர்/லிப்/ஃபர்ம்வேர்’ இரண்டுமே இருப்பது இதனால்தான். எந்தப் பெயரில் வந்தாலும் பிடிக்க வேண்டும். இரட்டைச் சாய்கோடு, நடுவில் வரும் ஒற்றைப் புள்ளி, கடைசிச் சாய்கோடு ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சுத்தம் செய்துவிடலாம். இரட்டைப் புள்ளியை அப்படிச் செய்யக் கூடாது. ‘அ/ஆ/..’ என்பதை ‘அ’ என்று சுருக்குவது காகிதத்தில் சரி. ‘ஆ’ ஒரு குறியிணைப்பாக இருந்தால் ‘..’ போய் நிற்கும் இடமே வேறு. கோப்பு அமைப்பிடமே கேட்டு உண்மைப் பாதையை வாங்குவதுதான் பத்திரம். அதிலும் ஒரு சிக்கல்: ரவுட்டருக்கான கோப்பு அமைப்பில் ‘/யுஎஸ்ஆர்/…’ என்று முழுப் பாதையைச் சுட்டும் குறியிணைப்பு இருந்தால், மேசைக் கணினி அதைத் தன்னுடைய ‘/யுஎஸ்ஆர்’ என்று எடுத்துக்கொண்டு உலகம் மாறிவிடும்.

தமிழில் கோப்புறைப் பெயர் வைப்பவர்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. ‘கொடி’ என்ற பெயரின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. யுடிஎஃப்-8-ல் முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். பெயரைப் பைட்டுகளாகவே பார்க்கும் லினக்ஸ், இரண்டையும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

பாதைகளின் பட்டியல் என்று வந்தால் பிரிப்பான் முக்காற்புள்ளி. லைப்ரரி தேடும் பட்டியலில் நடப்புக் கோப்புறை இருந்தால் பில்ட்ரூட் கிளம்பவே மறுக்கும். கிளம்பும்போது இதைச் சோதிக்க வேண்டும். நடப்புக் கோப்புறையை ஒற்றைப் புள்ளியாலும் எழுதலாம், ஒன்றுமே எழுதாமல் விட்டாலும் அதே பொருள்தான். அது பட்டியலின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் வரலாம். ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் எழுதினால் ஒன்று விட்டுப்போகும். பில்ட்ரூட்டை எழுதியவர்கள் செய்தது: பட்டியலின் இரு முனைகளிலும் ஒரு முக்காற்புள்ளியை ஒட்டிவிட்டு, அடுத்தடுத்து இரண்டு முக்காற்புள்ளிகளோ, இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளியோ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. முனை என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது. பட்டியலே அமைக்கப்படாமல் இருந்தால் வெறுமை என்று தப்பாக எண்ணிவிடக் கூடாதே என்று அதற்கும் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள்.

பெயர்களை விட்டுவிட்டு எழுத்துகளை ஒப்பிடும் பிழை கம்பைலருக்குள்ளும் இருக்கிறது. பில்ட் நடந்த இடத்தின் பாதை இயங்கு கோப்புக்குள் பதிந்துவிடுவதால், இரண்டு பேர் இரண்டு இடங்களில் கம்பைல் செய்தால் இரண்டு விதமான கோப்புகள் வருகின்றன. இதைத் தவிர்க்க, பாதையின் முன்பகுதியை வேறொன்றாக மாற்றிப் பதியும் வசதி ஜிசிசியில் உண்டு. 2018-ல் வந்த 8-ம் பதிப்பில் அது முழுமை பெற்றது. ஆனால் அது ஒப்பிடுவது எழுத்துகளை, பெயர்களை அல்ல. ‘/பில்ட்/கேமரா’ என்பதை ‘/மூலம்’ என்று மாற்றச் சொன்னால் ‘/பில்ட்/கேமரா2’ என்பது ‘/மூலம்2’ ஆகிவிடும். ஓடுவதில் பிரச்சினை இல்லை. டீபக்கர்தான் இல்லாத கோப்புறையில் மூல நிரலைத் தேடிக்கொண்டிருக்கும்.

இப்பிழைகளைப் பிடிக்க, பொறியாளரின் வழக்கமான வீட்டுக் கோப்புறையில் பில்ட்டை எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லை. அங்கே எல்லாம் பொருந்தும். வேண்டுமென்றே கோணலான இடங்களில் ஓட்ட வேண்டும்: ‘/யுஎஸ்ஆர்’-க்கு உள்ளே ஒரு முறை, குறியிணைப்பு வழியாக ஒரு முறை, ஒன்றின் பெயர் மற்றதன் தொடக்கமாக இருக்கும் இரண்டு கோப்புறைகளில் ஒரு முறை, பெயரில் ‘அட்’ குறி இருக்கும் இடத்தில் ஒரு முறை. கடைசியாகச் சொன்னது கற்பனையல்ல. பில்ட்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ், ஒரே வேலையை ஒரே நேரத்தில் இரண்டாக ஓட்டும்போது இரண்டாவதன் கோப்புறைப் பெயருக்குப் பின்னால் ‘அட்’ குறியும் 2-ம் சேர்க்கும். ‘செட்’ கட்டளையில் ‘அட்’ குறியைப் பிரிப்பானாக வைத்து எழுதியவரின் ஸ்கிரிப்ட் அன்றைக்குத்தான் உடையும், அதுவும் இரண்டாவது வேலையில் மட்டும்.

சில இடங்களில் யாரும் திருத்த முயல்வதே இல்லை, மறுத்துவிடுகிறார்கள். யோக்டோ கிளம்பும்போதே தன் மூலக் கோப்புறையின் பாதையில் கூட்டல் குறியோ ‘அட்’ குறியோ இடைவெளியோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி நின்றுவிடும். கட்டளைகளைத் தேடும் பாதைப் பட்டியலில் இடைவெளி இருந்தால் பில்ட்ரூட்டும் நிற்கும். இது சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’, கோப்புகளின் பட்டியலை இடைவெளியால் பிரித்தது. இன்றைய ஜிஎன்யூ மேக்கும் அப்படித்தான். பில்ட்ரூட்டின் அடித்தளம் மேக்தான். யோக்டோ அப்படி இல்லாவிட்டாலும் அது கம்பைல் செய்யும் பேக்கேஜ்களில் ஏராளமானவை உள்ளே மேக்கைத்தான் கூப்பிடுகின்றன. ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களின் மேக்ஃபைல்களை உட்கார்ந்து திருத்துவதைவிட, ‘என் வேலை’ என்று நடுவில் இடம் விட்டிருக்கும் ஒரு கோப்புறைப் பெயரை மாற்றச் சொல்வது மலிவு.